அல்ஜீரியாவில் மூன்று வாரம்: வழிகாட்டியோடு போகும் நெடும்பயணத்தைத் திட்டமிடுவது எப்படி

ரோமானிய நகரங்கள் கூரையும் கூட்டமும் இல்லாமல் வெட்டவெளியில் கிடக்கும் நாடு அல்ஜீரியா. ஆயிரம் ஆண்டுப் பழைய பாலைவன ஊர்கள் இன்றும் தங்கள் பழைய சட்டதிட்டங்களோடு இயங்குகின்றன. பாறை முகப்புகளில் பல்லாயிரம் ஓவியங்கள் உண்டு. இருந்தும் பக்கத்து நாடுகளான மொராக்கோ, துனிசியாவோடு ஒப்பிட்டால் வெளிநாட்டுப் பயணிகள் இங்கே மிகக் குறைவு. அதனால் நன்மையும் உண்டு, சிக்கலும் உண்டு. ரோமானிய நகரான திம்காத்தின் நடுத்தெருவில் ஒரு மணி நேரம் தனியாக நிற்கலாம். ஆனால் போன இடத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பினால் பாதிப் பயணம் காத்திருப்பிலேயே போய்விடும்.

இங்கே நாள்வாரித் திட்டம் உங்கள் கைக்குறிப்போடு நிற்பதில்லை. எந்தத் தேதியில் எந்த ஊர், எந்த ஹோட்டல், எந்தச் சாலை என்று எழுதிய தாளை ஏஜென்சி அதிகாரிகளிடம் கொடுக்கிறது. விசா, சாலைப் பாதுகாப்பு, பாலைவன அனுமதி எல்லாம் அந்த ஒரு தாளை வைத்தே நகரும். மற்ற நாடுகளில் கடைசியில் செய்யும் வேலையை இங்கே முதலில் செய்ய வேண்டும். அந்தத் தாளை நன்றாகப் போடுவதற்கான வழி கீழே.

படி 1: ஒரு நாட்டை இரண்டாகப் பிரியுங்கள்

சூடான் 2011இல் பிரிந்த பிறகு ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய நாடு இதுதான்: ஏறத்தாழ 23.8 லட்சம் சதுர கிலோமீட்டர். மக்களில் பெரும்பாலோர் வடக்கே கடலோரப் பட்டையிலும் மலைகளிலும் வாழ்கிறார்கள். மீதி எல்லாம் சகாரா. தலைநகர் அல்ஜியர்ஸிலிருந்து கர்தாயா 600 கிலோமீட்டர், சாலையில் ஒரு முழு நாள். தென்கிழக்கு மூலையில் இருக்கும் ஜானெத்துக்குச் சாலையில் போனால் 2,000 கிலோமீட்டருக்கும் மேல் வரும். அதை யாரும் சாலையில் செய்வதில்லை, விமானம்தான்.

எனவே இதை இரண்டு பயணங்களாக நினையுங்கள். வடக்கும் கர்தாயா இருக்கும் ம்ஸாப் பள்ளத்தாக்கும் சாலைப் பயணம். தெற்குச் சகாரா கூடாரப் பயணம். இரண்டையும் இணைப்பது உள்நாட்டு விமானம். இரண்டுக்கும் உடையும் படுக்கையும் வேறு, பெரும்பாலும் வழிகாட்டியும் வேறு ஆள்தான். இரண்டு வாரம் மட்டுமே கிடைக்கும் என்றால் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. இரண்டையும் பதினான்கு நாளில் திணித்தால் இரண்டும் கெடும்.

படி 2: மாதம்

கூடாரப் பகுதிக்கு அக்டோபர் முதல் ஏப்ரல் தொடக்கம் வரை. மே முதல் செப்டம்பர் வரை பாலைவனத்தில் 45 டிகிரியைத் தொடும், அப்போது போகாதீர்கள். வடக்குக்கு மார்ச் பிற்பகுதி முதல் மே வரையும், அக்டோபர், நவம்பரும் சிறந்தவை. திம்காத் சுமார் 1,000 மீட்டர் உயரத்திலும் இன்னொரு ரோமானிய நகரான ஜெமிலா 900 மீட்டரிலும் இருப்பதால் ஜனவரியில் பனி விழுவது அங்கே புதிதல்ல. கற்களின் மேல் பனி படிந்தால் அழகுதான், ஆனால் மலைச்சாலை அடைபட்டால் அடுத்த மூன்று நாளும் சரியும்.

இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவர்களுக்குப் பொருந்தும் காலம் அக்டோபர் இரண்டாம் வாரம் முதல் நவம்பர் இறுதி வரை. மார்ச் இறுதி முதல் ஏப்ரல் முதல் வாரம் வரை அடுத்த சிறந்த காலம், மணற்காற்று அப்போது சற்று அதிகம்.

ரமலானைக் கட்டாயம் சரிபாருங்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள் முன்னே நகரும் மாதம் அது. 2027இல் பிப்ரவரி 8 வாக்கில் தொடங்கி மார்ச் 9 வாக்கில் முடியும். அம்மாதத்தில் பயணம் தடைப்படாது. ஆனால் பகலில் உணவகங்கள் மூடியிருக்கும், அருங்காட்சியக நேரம் சுருங்கும், ஓட்டுநரும் வழிகாட்டியும் நோன்பில் இருப்பார்கள். நோன்பு இருப்பவரிடம் பிற்பகல் நான்கு மணிக்கு இன்னொரு இடத்துக்கு ஓட்டச் சொல்வது நியாயமில்லை. நோன்பு திறக்கும் வேளையில் சாலையில் இருக்காதபடி நாளைச் சுருக்குங்கள்.

வார விடுமுறை வெள்ளி, சனி. வெள்ளி நண்பகலில் ஊரே அடங்கிவிடும். அல்ஜியர்ஸ் அருங்காட்சியகத்தையோ வங்கி வேலையையோ வெள்ளியில் வைக்காதீர்கள். வெள்ளியைச் சாலைக்கோ கடலோர இடிபாட்டுக்கோ ஒதுக்குங்கள்.

படி 3: ஏஜென்சியைத் தேர்வது

வடக்கு நகரங்களில் தனியாகச் சுற்ற முடியும். தெற்கே ஏஜென்சியும் உள்ளூர் வழிகாட்டியும் இல்லாமல் அறவே முடியாது. அரசு உரிமம் பெற்ற ஏஜென்சிதான் விசாக் கடிதமும் பாதை அனுமதியும் எடுக்க முடியும். பயணத்துக்கு ஐந்தாறு மாதம் முன்பே மூன்று ஏஜென்சிகளுக்கு ஒரே நாள்வாரித் தாளை அனுப்பி விலை கேளுங்கள். ஆளுக்கொரு திட்டத்தை அவர்களே அனுப்பினால் விலையை ஒப்பிடவே முடியாது.

கேட்க வேண்டியவை: உள்நாட்டு விமான டிக்கெட் விலைக்குள் அடங்குமா? நுழைவுச்சீட்டும் தெற்கே ஜானெத் பக்கத்துத் தஸ்ஸிலிப் பூங்காவின் கட்டணமும் அடங்குமா? ஒவ்வொரு பழைய நகரிலும் உள்ளூர் வழிகாட்டி உண்டா? பாலைவனத்தில் மெத்தை, கூடாரம், உறங்குபை யார் தருவது? வண்டியில் செயற்கைக்கோள் தொலைபேசி உண்டா? விமானம் ரத்தானால் கூடுதல் இரவுக்கு யார் பணம் கட்டுவது? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலில் ஏஜென்சியின் தரம் தெரிந்துவிடும். நேராக எழுதிப் பதில் சொல்பவரோடு போகலாம். ‘அதெல்லாம் நடக்காது’ என்பவரை விட்டுவிடுங்கள், ஏனென்றால் நடக்கும்.

குழுவின் அளவு விலையைத் தீர்மானிக்கிறது. பாலைவனத்தில் ஓடும் நான்கு சக்கர இயக்க வண்டியில் ஓட்டுநர் தவிர மூன்று பேர் வசதியாக உட்காரலாம். நான்காவது ஆள் பின்னிருக்கையின் நடுவில் ஆறு நாள் குலுங்க வேண்டும். சமையல்காரரும் சாமான்களும் போக இடம் வேண்டும். அதனால் மூன்று, ஆறு, ஒன்பது என்ற எண்ணிக்கையில் போனால் செலவு சீராகப் பிரியும். நான்கு பேர் போனால் ஏறத்தாழ ஆறு பேரின் வண்டிச் செலவு விழும்.

மொழியையும் முதலிலேயே பேசி முடியுங்கள். நாட்டில் அரபியும் பெர்பர் மக்களின் தமாசைட்டும் ஆட்சிமொழிகள். பிரெஞ்சு எங்கும் புழங்கும். தமிழ் வழிகாட்டி கிடைக்கமாட்டார், நல்ல ஆங்கிலம் பேசும் வழிகாட்டிகளும் குறைவு. தொல்லியல் தெரிந்து ஆங்கிலமும் பேசுபவர்கள் அக்டோபருக்கு மே மாதத்திலேயே பதிவாகிவிடுவார்கள். ஏஜென்சியிடம் ‘ஆங்கில வழிகாட்டி’ என்று மட்டும் எழுதாதீர்கள். பத்து நிமிடம் அவரோடு காணொளியில் பேச வேண்டும் என்று கேளுங்கள்.

படி 4: நாள்வாரித் தாள்

22 நாளுக்கு ஒத்துவரும் வரிசை இது. மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் ஒவ்வொரு இடத்துக்கும் கொடுத்திருக்கும் நேரத்தைக் குறைக்காதீர்கள்.

முதல் மூன்று நாள் அல்ஜியர்ஸ். முதல் நாள் வந்து சேர்வதற்கே சரி. இரண்டாம் நாள் காலை பழைய நகரான கஸ்பா. மேலிருந்து கீழே இறங்குங்கள். எதிர்த் திசையில் போனால் முந்நூறு படிக்கு மேல் மூச்சு வாங்கும், வீட்டு வாசல்களைப் பார்க்கத் தெம்பிருக்காது. பாதி வீடுகள் மரக்கட்டைகளால் முட்டுக்கொடுக்கப்பட்டு நிற்பவை; அங்கே பிறந்து வளர்ந்த வழிகாட்டி இல்லாமல் உள்ளே போகாதீர்கள். மாலையில் தொல்பொருள் அருங்காட்சியகம். மூன்றாம் நாள் மேற்கே 70 கிலோமீட்டரில் திபாசா: கடல் அலை வந்து மோதும் பாறைமேல் ரோமானிய நகரம். போகும் வழியில் குன்றின்மேல் இரண்டாம் ஜூபா மன்னரோடும் அவர் மனைவி, எகிப்தின் கிளியோபாட்ராவின் மகளான கிளியோபாட்ரா செலீனோடும் சேர்த்துப் பேசப்படும் வட்டக் கல்லறை நிற்கிறது. இன்னும் மேற்கே அந்த மன்னரின் தலைநகரான செர்ஷெல்லில் சிறிய, மிகச் செறிவான அருங்காட்சியகம் இருக்கிறது. மூன்றும் ஒரே நாளில் முடியும், எட்டு மணிக்கு முன் கிளம்பினால்.

நான்காம் நாள் செதிஃப். அங்குள்ள அருங்காட்சியகத்தில் மதுவின் தெய்வமான பாக்கஸின் வெற்றி ஊர்வலத்தைக் காட்டும் பெரிய மொசைக் தரை உண்டு. ஐந்தாம் நாள் ஜெமிலா, பிறகு கான்ஸ்டன்டைன்.

ஜெமிலாவைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். பழைய பெயர் குய்குல்; முதல் நூற்றாண்டின் கடைசியில் ஓய்வுபெற்ற படைவீரர்களுக்காக நிறுவப்பட்ட ஊர். இரண்டு ஓடைகளுக்கு நடுவே நீண்டு கிடக்கும் மலைமுகட்டில் கட்டியதால் ரோமானியரின் சதுரக் கட்டத் திட்டம் இங்கே வளைந்து கொடுத்திருக்கிறது. நுழைவாயில் அருங்காட்சியகத்தில் தரையில் கிடந்த மொசைக்குகளைச் சுவர் முழுக்க, கூரைவரை பதித்திருக்கிறார்கள். அதற்கு முக்கால் மணி நேரம். பிறகு கீழே இறங்கிக் காஸினியஸ் சந்தைக்குப் போங்கள். அங்கே ஒரு கல்மேசை உண்டு. அதன் மேற்பரப்பில் பெரிதும் சிறிதுமாகக் குழிகள். ஒவ்வொரு குழியும் ஓர் அளவு. தானியத்தையோ எண்ணெயையோ கடைக்காரர் சரியாக அளந்தாரா என்று வாங்கியவர் இங்கே வந்து சரிபார்த்துக்கொள்ளலாம். குழியின் விளிம்பைக் கையால் தடவிப் பார்க்கத் தோன்றும்; கண்ணால் பார்த்தாலே போதும். வழிகாட்டி சொல்லாவிட்டால் வெறும் உடைந்த பலகை என்று தாண்டிப் போய்விடுவீர்கள். இடிபாட்டுக்கு மட்டும் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். திரும்பும்போது ஏற்றம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஆறாம் நாள் கான்ஸ்டன்டைன். ருமெல் ஆறு குடைந்த பள்ளத்தின் விளிம்பில் நிற்கும் நகரம், பாலங்களால்தான் ஒன்றாக இணைந்திருக்கிறது. 1912இல் திறந்த சிதி ம்சித் தொங்குபாலம் ஆற்றுக்கு மேல் 175 மீட்டர் உயரத்தில் தொங்குகிறது. வண்டிகள் போகும்போது தளம் அதிர்வதைக் காலில் உணரலாம், உயரம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஏழாம் நாள் விருப்ப நாள்: அன்னாபா போய், கி.பி. 430இல் வாண்டல்கள் முற்றுகையிட்டிருந்தபோது புனித அகஸ்டின் இறந்த ஹிப்போ ரெஜியஸைப் பார்த்து வரலாம். களைப்பாக இருந்தால் கான்ஸ்டன்டைனிலேயே தங்குங்கள். இது மொத்தப் பயணத்தின் முதல் ஓய்வு நாளாகவும் பயன்படும்.

எட்டாம் நாள் பாத்னா, வழியில் ரோமானியருக்கு முன் இங்கே ஆண்ட நுமிடிய அரசர்களின் மெத்ராசென் கல்லறை. ஒன்பதாம் நாள் முழுவதும் திம்காத்துக்கு. கி.பி. 100 வாக்கில் டிராஜன் பேரரசர் வெற்று நிலத்தில் நிறுவிய நகரம் இது, அதனால் தெருக்கள் சதுரங்கப் பலகைபோல் நேர்நேராக ஓடுகின்றன. வண்டிச்சக்கரம் உழுத தடம் கற்பாவில் இன்றும் தெரியும். மன்றத்துத் தளக்கல் ஒன்றில் ‘வேட்டையாடுவது, குளிப்பது, விளையாடுவது, சிரிப்பது, இதுவே வாழ்வது’ என்ற லத்தீன் வரி கிடைத்திருக்கிறது. ஏறத்தாழ 3,500 பேர் அமரும் அரங்கின் மேல் வரிசையில் ஏறினால் நகரத்தின் கட்டம் முழுதும் கண்ணுக்குக் கீழே விரியும். அதைக் கடைசியாக அல்ல, முதலில் செய்யுங்கள். பிறகு தெருவில் நடக்கும்போது எங்கே இருக்கிறோம் என்பது பிடிபடும். நிழல் கிடையாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி. பாத்னாவுக்குத் திரும்பும் வழியில் ரோமானியரின் மூன்றாம் அகஸ்டா படையணியின் தலைமையிடமாக இருந்த லம்பேசிஸ். முக்கால் மணி நேரம் போதும்.

பத்தாம் நாள் அவ்ரெஸ் மலைகளின் ஊடே பிஸ்க்ரா. வழியில் குஃபி பள்ளத்தாக்கின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் கைவிடப்பட்ட கல்வீடுகளைப் பார்க்கலாம். பதினோராம் நாள் நீண்ட சாலை, கர்தாயா. இந்த நாளில் வேறெதையும் வைக்காதீர்கள்.

பன்னிரண்டும் பதிமூன்றும் ம்ஸாப் பள்ளத்தாக்கு. இஸ்லாத்தின் சிறிய பிரிவான இபாதி முஸ்லிம்கள் பதினோராம் நூற்றாண்டு முதல் கட்டிய ஐந்து ஊர்கள்: எல் அத்தூஃப், பூனூரா, கர்தாயா, மெலிக்கா, பெனி இஸ்கென். எல்லாம் குன்றின்மேல், உச்சியில் மசூதியின் கோபுரம், சுற்றிலும் அடுக்கடுக்காக வீடுகள். பெனி இஸ்கெனுக்குள் அந்த ஊர் வழிகாட்டியோடு மட்டுமே நுழைய முடியும். வாசலிலேயே ஆள் இருப்பார். தொழுகை நேரத்தில் அனுமதி இல்லை. மனிதர்களைப் படமெடுக்கக் கூடாது, புகைபிடிக்கக் கூடாது, தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். ஒரு கண் மட்டும் தெரிய வெள்ளை ஹைக் போர்த்திய பெண்கள் எதிரே வந்தால் சுவரோரமாக ஒதுங்கி வழிவிடுங்கள், கேமராவைக் கீழே இறக்குங்கள். மாலையில் சதுக்கத்தில் ஏலச் சந்தை நடக்கும். விற்பவர் பொருளைக் கையில் தூக்கிக்கொண்டு விலையைக் கூவியபடி வட்டமாக நடப்பார். மறுநாள் பேரீச்சந்தோப்புக்குப் போய் வெள்ளநீர்ப் பங்கீட்டைப் பாருங்கள். சில ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்தைக் கல்லில் வெட்டிய இடுக்குகள் வழியே தோட்டங்களுக்குப் பிரிக்கிறார்கள். இடுக்கின் அகலம்தான் தோட்டத்தின் பங்கு.

பதினான்காம் நாள் விமானத்தில் அல்ஜியர்ஸ், அங்கிருந்து ஜானெத். பதினைந்து முதல் இருபது வரை பாலைவனம். இருபத்தோராம் நாள் அல்ஜியர்ஸ் திரும்புதல், இருபத்திரண்டு கையிருப்பு நாள். அந்தக் கையிருப்பு நாளை எக்காரணத்துக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

படி 5: விசா

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு விசா கட்டாயம். இரண்டு வழி உண்டு.

தூதரக வழியில் விண்ணப்பம், புகைப்படம், டிக்கெட் முன்பதிவு, காப்பீடு, தங்குமிட உறுதி அல்லது ஏஜென்சியின் அழைப்புக் கடிதம் வேண்டும். விண்ணப்பத்தில் எழுதும் தேதிகளும் நாள்வாரித் தாளின் தேதிகளும் ஒன்றாக இருக்கட்டும். ஒரு நாள் மாறினாலும் கேள்வி வரும்.

இரண்டாவது வழி 2023 தொடக்கத்தில் வந்தது. தெற்குச் சகாராவை உள்ளடக்கிய பயணத்துக்கு, உரிமம் பெற்ற ஏஜென்சி முன்னதாகவே உங்கள் கடவுச்சீட்டு நகலையும் பாதையையும் கொடுத்து அனுமதி வாங்கும். விசாவை விமான நிலையத்தில் இறங்கியதும் ஒட்டுவார்கள். எளிது, ஆனால் அனுமதிக் கடிதம் நீங்கள் பறப்பதற்குச் சில நாள் முன்புதான் கைக்கு வருவது வழக்கம். கடிதம் இல்லாமல் விமான நிறுவனம் ஏற்றாது. பணம் திரும்பக் கிடைக்கும் டிக்கெட்டாக வாங்குங்கள். கடிதத்தை இரண்டு நகல் அச்சிட்டுக்கொள்ளுங்கள், கைபேசியில் மட்டும் வைத்திருப்பது போதாது. கட்டணத்துக்கு யூரோ நோட்டு தனியாக எடுத்து வையுங்கள்.

பத்திரிகையாளர்களுக்குத் தனி அனுமதி உண்டு, சுற்றுலா விசாவில் அந்த வேலையைச் செய்ய முயலாதீர்கள்.

கடவுச்சீட்டின் முகப்புப் பக்கம், விசாப் பக்கம் இரண்டையும் பத்துப் பத்து நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஹோட்டலிலும் காவல்துறைப் படிவம் உண்டு. சோதனைச் சாவடிகளிலும் கேட்பார்கள். நகல் இருந்தால் இரண்டு நிமிடம், இல்லாவிட்டால் எல்லோரும் இறங்கி நிற்க வேண்டும்.

படி 6: பணம்

நாணயம் அல்ஜீரிய தினார். வெளிநாட்டில் கிடைக்காது, வெளியே எடுத்துப்போனாலும் பயனில்லை. வெளிநாட்டு அட்டைகள் பெரிய ஹோட்டல்கள் சிலவற்றைத் தாண்டி வேலை செய்வது அரிது. எனவே யூரோ ரொக்கம். கிழியாத, எழுத்தில்லாத நோட்டுகள். 1,000 யூரோவுக்கு மேல் கொண்டுவந்தால் சுங்கத்தில் எழுதிக் கொடுத்து, அந்தத் தாளைத் திரும்பும்வரை பத்திரமாக வையுங்கள். வெளியே போகும்போது கேட்பார்கள்.

வங்கி விலைக்கும் தெருவில் மாற்றும் விலைக்கும் பெரிய இடைவெளி உண்டு. தெருவில் மாற்றுவது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம், ஆனால் சட்டப்படியானது அல்ல. பயணக் கட்டணத்தில் தங்குமிடம், வண்டி, உணவு எல்லாம் அடங்கிவிட்டால் தினார் தேவையே கொஞ்சம்தான்; விமான நிலைய வங்கியில் சிறு தொகை மாற்றினால் காபிக்கும் பேரீச்சம்பழத்துக்கும் அன்பளிப்புக்கும் போதும்.

புதிதாக வருபவர்களைத் திகைக்க வைப்பது விலை சொல்லும் முறை. ஒரு தினாருக்கு நூறு சென்டிம். சென்டிம் காசு புழக்கத்தில் இல்லாமல் போய்ப் பல காலம் ஆகியும், கடைக்காரர்கள் பேச்சில் இன்னும் சென்டிம் கணக்குத்தான். ‘ஐம்பதாயிரம்’ என்று அவர் சொன்னால் 500 தினார். ‘ஒரு மில்லியன்’ என்றால் 10,000 தினார். கடைசி இரண்டு சைபரை வெட்டிவிடுங்கள். ஐயம் இருந்தால் கைபேசியில் எண்ணைத் தட்டிக் காட்டச் சொல்லுங்கள். யாரும் ஏமாற்றுவதற்காகச் சொல்வதில்லை. நீங்கள் நூறு மடங்கு நீட்டினால் பெரும்பாலும் அவர்களே திருப்பித் தருவார்கள்.

படி 7: சாலையும் காவல் துணையும்

வடக்கிலும் ம்ஸாப்பிலும் பல பகுதிகளில் வெளிநாட்டுக் குழுவுக்கு முன்னால் காவல்துறை அல்லது ஜான்டார்ம் (துணை இராணுவக் காவல்) வண்டி வரலாம். 1990களின் உள்நாட்டுப் போர், 2003இல் சகாராவில் 32 ஐரோப்பியப் பயணிகள் கடத்தப்பட்டது, 2013இல் இன் அமனாஸ் எரிவாயு நிலையத் தாக்குதல் என்று மூன்று காயங்களுக்குப் பிறகு அரசு எடுத்துக்கொண்ட எச்சரிக்கை அது. உங்கள் மேல் சந்தேகம் என்று நினைக்காதீர்கள்.

நடைமுறையில் இப்படி நடக்கும். ஒரு விலாயாவின், அதாவது மாகாணத்தின், எல்லையில் பழைய வண்டி விடைபெறும்; அடுத்த விலாயாவின் வண்டி வந்து ஏற்கும். சில நேரம் தயாராக நிற்கும். சில நேரம் நாற்பது நிமிடம் காத்திருக்க வேண்டும். எனவே வரைபடம் காட்டும் நேரத்தை ஒன்றரை மடங்காக எழுதுங்கள். இருட்டுவதற்குள் ஊர் சேரும்படி வையுங்கள். காலையில் கிளம்பும் நேரத்தை முந்தின இரவே வழிகாட்டி மூலம் சொல்லி, அந்த நேரத்துக்கே கிளம்புங்கள். நீங்கள் அரைமணி தாமதித்தால் எல்லையில் அடுத்த வண்டி வேறு வேலைக்குப் போய்விடும், பிறகு அந்த நாள் முழுதும் சரிந்துகொண்டே போகும்.

சாலையோரத்தில் திடீரென நிறுத்திப் படமெடுப்பது, ஹோட்டலை மாற்றுவது, தாளில் இல்லாத கிராமத்துக்குப் போவது எல்லாம் கடினம். பார்க்கத் தோன்றும் இடங்களை, பத்து நிமிட நிறுத்தமாக இருந்தாலும், முன்பே தாளில் எழுதச் சொல்லுங்கள். தாளில் இருந்தால் அவர்களே நிறுத்தித் தருவார்கள்.

காவலர், படைவீரர், சோதனைச் சாவடி, விமான நிலையம், அரசுக் கட்டடம் எதையும் படமெடுக்கக் கூடாது. டிரோனும் இருகண் தொலைநோக்கியும் சுங்கத்தில் பறிபோகும், வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

படி 8: தெற்கு

ஜானெத்தில் இறங்கியதும் தேர்வு ஒன்று காத்திருக்கிறது. உண்மையில் அதைப் பதிவு செய்யும்போதே முடிவெடுத்திருக்க வேண்டும். தஸ்ஸிலி நாஜ்ஜர் மேட்டுநிலமா, தத்ரார்த் செம்மணலா?

மேட்டுநிலத்துக்கு வண்டி ஏறாது. செங்குத்தான கணவாய்களில் கற்கள்மேல் கால்வைத்து நடந்து ஏற வேண்டும், ஏற அரை நாள் ஆகும். சாமானைக் கழுதைகள் சுமக்கும். மேலே தம்ரித், செஃபார் போன்ற இடங்களில் பாறைக் காடுகளும் ஓவியங்களும். தம்ரித்தில் சகாரா சைப்ரஸ் மரங்கள் நிற்கின்றன. உலகத்தில் இருநூற்றுச் சொச்சமே மிஞ்சியிருக்கும் இனம். செஃபாரில் மூன்று மீட்டர் உயரத்துக்கு மேல் நிற்கும் உருவம் ஒன்று உண்டு, அதன் முன் நிற்கும்போது பேச்சு வராது. இதற்குக் குறைந்தது ஐந்து நாள், நல்ல முழங்கால், பழகிய காலணி வேண்டும். புதுக் காலணியோடு வருபவர்கள் இரண்டாம் நாளே கொப்புளத்தோடு கழுதைக்குப் பின்னால் நொண்டுகிறார்கள்.

தத்ரார்த் வண்டிப் பயணம். சிவப்பு மணற்குன்று, கல் வளைவுகள், செதுக்கோவியங்கள்; நடை நாளுக்கு இரண்டு மூன்று மணி நேரம். முழங்கால் ஒத்துழைக்காதவர்களுக்கு இதுவே சரி. ஜானெத்துக்கு அருகே தெகர்கார்த்தில் ‘அழும் பசுக்கள்’ செதுக்கல் உண்டு. கண்ணுக்குக் கீழே நீர்த்துளியோடு பசுக்கள் தலைதாழ்த்தி நிற்கும் அந்தப் பாறையைப் பிற்பகல் சாய்வெயிலில் பாருங்கள். நடுப்பகலில் கோடுகளின் ஆழம் தெரியாது, வெறும் கீறலாகத் தோன்றும்.

ஓவியங்களைத் தொடாதீர்கள், நிறம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று தண்ணீர் தெளிக்காதீர்கள். 1950களில் வந்த ஆய்வுக்குழு படியெடுப்பதற்காகப் பாறைகளை ஈரத் துணியால் துடைத்தது. அப்படித் துடைத்த பல ஓவியங்கள் அதன் பிறகு மங்கிவிட்டன. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நின்ற வண்ணத்துக்கு அந்த ஈரம் தாங்கவில்லை.

தண்ணீர்க் கணக்கை ஏஜென்சியிடம் கேட்டுச் சரிபாருங்கள். குடிக்க மட்டும் ஆளுக்கு நாளுக்கு நான்கு லிட்டர். ஆறு பேர், ஆறு நாள் என்றால் 144 லிட்டர். ஓட்டுநர்களுக்கும் சமையலுக்கும் தனி. குளியல் கிடையாது, ஈரத்துணிதான். டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பம் பூஜ்யத்தை நெருங்கும். பகலில் சட்டையோடு இருந்தவர் இரவில் நடுங்குவார். பூஜ்யம் டிகிரிக்கு ஏற்ற உறங்குபை, கம்பளித் தொப்பி, தலைவிளக்கு. தலைப்பாகைத் துணியை ஜானெத்திலேயே வாங்குங்கள், நான்கைந்து மீட்டர் நீளம். ஓட்டுநரே கட்டக் கற்றுத் தருவார். காலையில் காலணியைத் தட்டிவிட்டு மாட்டுங்கள், தேள் உள்ளே ஒதுங்கியிருக்கலாம். கழிவறைத் தாளை எரித்துவிடுங்கள். புதைத்தால் காற்று தோண்டி எடுத்து அடுத்த முகாமுக்கு அனுப்பும்.

கைபேசி அலை ஜானெத் ஊருக்குள் மட்டும். வீட்டாரிடம் ‘ஆறு நாள் பேச முடியாது’ என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

சைவ உணவுக்காரர்களுக்கு

‘இறைச்சி வேண்டாம்’ என்று சொன்னால் இறைச்சித் துண்டை எடுத்துவிட்டுத் தருவார்கள்; குழம்பு இறைச்சி வெந்த நீராகவே இருக்கும். கூஸ்கூஸ் காய்க் குழம்பும் ஷோர்பா சூப்பும் பெரும்பாலும் அப்படித்தான். ‘இறைச்சி வெந்த சாறும் வேண்டாம், தனிப் பாத்திரம்’ என்று அரபியில் எழுதிய சீட்டை வழிகாட்டியிடம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வடக்கே ரொட்டி, முட்டை, கொண்டைக்கடலை, சாலட் என்று சமாளிக்கலாம். பாலைவனத்தில் சமையல்காரர் ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே பருப்பும் காயும் ஏற்ற வேண்டும். கிளம்பிய பிறகு சொல்லிப் பயனில்லை. மணலுக்குள் தணலில் சுடும் தகெல்லா ரொட்டி சைவம்தான், அதன்மேல் ஊற்றும் குழம்பைத்தான் கேட்க வேண்டும். தேநீர் மூன்று சுற்று வரும், ஒவ்வொரு சுற்றும் முன்னதைவிட இனிப்பு. மூன்றும் முடியும் முன் எழுந்து போகாதீர்கள்.

படி 9: திரும்பும் நாட்கள்

ஜானெத் விமானங்கள் நள்ளிரவிலும் விடியலிலும் பறப்பவை. மணற்காற்று எழுந்தால் பல மணி நேரம், சில வேளை ஒரு நாள் தள்ளிப்போகும். ஜானெத்திலிருந்து அல்ஜியர்ஸ் வரும் நாளிலேயே நாட்டைவிட்டுப் பறக்கும் டிக்கெட் வாங்குவதுதான் இப்பயணத்தில் அதிகம் பணத்தைக் கரைக்கும் தவறு. இருபத்திரண்டாம் நாள் அதற்காகத்தான். விமானம் நேரத்துக்கு வந்துவிட்டால் கஸ்பாவை இன்னொரு முறை இறங்கிப் பாருங்கள், அல்லது விட்டுப்போன அருங்காட்சியகத்துக்குப் போங்கள்.

பாலைவனத் தரையில் கற்கால அம்புமுனைகளும் அரைக்கும் கற்களும் கண்ணில் படும். எடுத்து வருவது குற்றம், ஜானெத் விமான நிலையத்திலேயே பையைத் திறந்து பார்ப்பார்கள். புதைபடிவமும் அப்படியே. மிஞ்சிய தினாரை ஊருக்குள்ளேயே செலவழித்துவிடுங்கள். பிஸ்க்ரா பக்கத்து தெக்லெத் நூர் பேரீச்சம்பழம் கிளையோடு பெட்டியில் கிடைக்கும், அதற்கு எந்தச் சுங்கத் தடையும் சொல்ல மாட்டார்கள். சுங்கத்தில் எழுதிக் கொடுத்த யூரோத் தாளை மட்டும் பெட்டியில் போட்டுவிடாமல் கையில் வைத்திருங்கள்.